வெண்ணி வென்ற கரிகாற் பெருவளத்தான்

யவன நாட்டிலே தெல்பி என்னும் திருநகரில் அப்பல்லோ என்னும் தெய்வத்தின் கோயிற் குருவாய் அமர்ந்திருந்த புளூட்டார்க்கு என்பார், தம் நாட்டுப் பெரியோர் ஒருவரையும் உரோம நாட்டுப் பெரியோர் ஒருவரையும் இணை இணையாக நிறுத்தி வரலாறு எழுதிய புலவராவர். கி. பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அவர் வாழ்ந்தனர். ஏதென்சு நகரை ஆக்கிய பழைய அரசனாகிய தீசியசின் வரலாற்றைத் தொடங்குமிடத்து, காலத்தால் மிக முற்பட்ட ஒருவனைப் பற்றிக் கட்டுக்கதைகளே மிகுதியாய் உள்ளன என்பதை அவர் மறைத்திலர். கதையை அறிவின் ஆணைக்கு உட்படுத்தி, எஞ்சுவதை வரலாறாகக் கொள்வதே தம் கருத்தென அறிவித்து அவர் மேற்சென்றனர்.

அப்புலவர் வாழ்ந்த காலத்தை அடுத்து, நம் சோழ வளநாட்டில் அரசு வீற்றிருந்தவன் கரிகாற் பெருவளத்தான். அவன் காலத்தைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதி எனப் பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் கொள்வர். அதற்குச் சிறிது முன்னாகக் கொள்வாரும் உளர். கரிகாலன் என்னும் பெயருடையார் இருவர் எனப் பகுப்பாரும் உண்டு. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் வெண்ணி வென்றவனாகப் போற்றும் ஒருவனையே நாம் ஈண்டு எடுத்துக்கொண்டு, மேற்கூறிய யவனப் புலவர் காட்டிய நெறியிலே அவன் வரலாற்றை ஆராய்வோம். நாம் வாழும் கூத்தாநல்லூரை நனைத்துச் செல்லும் வெண்ணாற்றிற்கும், அவன் வாகை சூடிய வெண்ணிக்கும் உள்ள அணிமையே இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது.

பிறப்பும் இளமையும்

உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி என்னும் சோழ வேந்தன் அழுந்தூர் வேளின் மகளை மணந்தான் எனவும், அவன் மைந்தன் கரிகாலன் நாங்கூர் வேளின் மகளை மணந்தான் எனவும் நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையிற் குறிப்பர். தாய் வயிற்றில் இருக்கும்போதே அரசுரிமை எய்தியவன் கரிகாலன் என்று பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் உரைப்பர். தந்தை முன்னரே மாய்ந்தமையால் அவ்வுரிமை பிறவாத மகவினிடத்தே நின்றது போலும். உரிமை எளிதின் வந்தது. அரசு எளிதின் வந்திலது. பகைவர் அவனைச் சிறைப்படுத்தினர். கூட்டிலடைபட்ட புலிக்குருளை வளர்ந்து வலியுறுதல் போலவும், குழியில் வீழ்ந்த யானை கரையை இடித்து வெளியேறித் தன் பிடியோடு சேர்தல் போலவும், அவன் காவலைக் கடந்து தன் தாயத்தை அடைந்தான் எனப் பட்டினப்பாலை கூறும்.

இதுவரை உள்ளவை அவன் காலத்தை ஒட்டிய புலவர் வாய்மொழிகளாகலின் ஏற்கத்தக்கன. இனி வருவன கதைகள். சிறையிற் பகைவர் இட்ட தீயில் அவன் கால் கரிந்தது, அதனாற் கரிகாலன் எனப் பெயர் பெற்றான் என்பது ஒன்று. கழுமலத்திற் கட்டியிருந்த பட்டத்து யானை தானே சென்று, கருவூரில் இருந்த அவனைத் தன் பிடரில் ஏற்றிக் கொணர்ந்தது என்பது மற்றொன்று. இரும்பிடர்த்தலையார் என்னும் மாமன் அவனுக்குத் துணையாய் நின்றார் என்பதும் இவற்றோடு சேர்ந்தது. இவற்றைப் பழமொழி நானூறு சுருங்கக் கூறும். கரி என்பது யானையாகலின், பகைவர் யானைகளுக்குக் காலன் என்பதே அப்பெயரின் பொருள் என்பாரும் உளர்.

யவனர் கதைகளிலும் இதனையொத்த ஒன்று உண்டு. தீப்சு நகரத்து அரசன் மகனாகிய ஈடிபசு, பிறந்தவுடன் கால்கள் துளைக்கப்பட்டு மலையில் எறியப்பட்டான். வீங்கிய காலன் என்பதே அவன் பெயரின் பொருள். அவனும் வேற்றிடத்து வளர்ந்து, தன் நகர்க்கு மீண்டு, அரசெய்தினான். ஆயினும் அவன் கதை தந்தையைக் கொன்ற பழியில் முடிந்தது. கரிகாலன் கதை தந்தையின் அரசை நிலைநிறுத்திய புகழில் முடிந்தது. காலில் வடுவுடைய இளவரசன் மீண்டுவந்து முடிசூடுதல் பல நாட்டு மக்களும் விரும்பிக் கேட்கும் கதைப்போக்கு என்பது இதனால் விளங்கும். ஆகவே, சிறையும் விடுதலையும் வரலாறு. கரிந்த காலும் யானையும் மக்கள் அன்பினால் அவ்வரலாற்றிற்கு அணிந்த அணிகள் எனக் கொள்ளுதல் தகும்.

வெண்ணிப் பறந்தலை

நீடாமங்கலத்திற்கு மேற்கே தஞ்சைச் சாலையில் உள்ள கோயில்வெண்ணியே பழைய வெண்ணி. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பதிகம் அருளிய திருவெண்ணியூர் அதுவே. கரும்பேசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலைத் தொழச் செல்லும் அடியார் பலரும், அவ்வூர்ப்புறத்தே ஒரு காலத்தில் குருதி ஆறாகப் பெருகியதென்பதை நினைப்பதில்லை.

சேரமான் பெருஞ்சேரலாதனும் பாண்டியனும் ஒருபால் நிற்க, இளைஞனாகிய கரிகாலன் மறுபால் நின்று வெண்ணியிற் பொருதான். முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தும் சிங்கக்குருளையோடு முடத்தாமக்கண்ணியார் அவனை ஒப்பிடுவர். வேளிர் பதினொருவரும் அவ்வெண்ணிவாயிலில் வலியழிந்தனர் என்று பரணர் குறிப்பர். பின்னர் வாகைப்பறந்தலை என்னும் மற்றொரு களத்தில் மன்னர் ஒன்பதின்மர் தம் குடைகளை இழந்தோடினர் என்பதும் அவர் வாக்கே. இவ்வெற்றிகளால் சோழர் தலைமை தமிழகத்தில் ஓங்கியது.

ஆனால் வெண்ணிக்களத்தின் பெருஞ்செய்தி வென்றவனைப் பற்றியதன்று, தோற்றவனைப் பற்றியது. கரிகாலன் சேரலாதன் மார்பை நோக்கி எறிந்த படை அவன் முதுகிலும் புண்ணை உண்டாக்கியது. புறமுதுகிட்டு ஏற்ற புண் அன்று அது. ஆயினும் முதுகிற் புண் என்னும் சொல்லையே சேரலாதன் பொறுத்திலன். வாளோடு வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாது உயிர்விடத் துணிந்தான். அத்துயரைக் கழாத்தலையார் பாடினர். அச்செய்தி கேட்ட சான்றோர் பலரும் அவனோடு உயிர் நீத்தனர் என மாமூலனார் மொழிவர்.

யவன நாட்டு ஸ்பார்த்தரும் இம்மானவுணர்ச்சியில் ஊறியவர். கி. மு. 480-இல் தெர்மாபிலைக் கணவாயில் லியோனிதாசு என்னும் அரசனும் அவனோடு எஞ்சி நின்றாரும் பாரசீகரோடு பொருது மாண்டனர். அரிசுதோதெமசு என்னும் வீரன் ஒருவன் கண்ணோயினாற் களத்தினின்றும் விலகி ஊர் மீண்டான். ஊரார் அவனை அஞ்சியவன் என்று இகழ்ந்து, அடுப்பிற்கு நெருப்புத் தருதலையும் உரையாடுதலையும் ஒழித்தனர். அவன் மறு ஆண்டு பிளாத்தேயா என்னும் களத்திற் புகுந்து வெறிகொண்டு பொருது உயிர் நீத்து அப்பழியைக் களைந்தான். இதனை எரோதோத்தசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். ஸ்பார்த்த வீரனைப் பழித்து மானத்திற்குத் தள்ளியவர் ஊரார். சேரலாதனை ஒருவரும் பழித்திலர். அவன் தானே தனக்கு நடுவனாய் இருந்து தீர்ப்புச் செய்துகொண்டான். இவ்வேற்றுமை கருதத்தக்கது.

அரசியலும் அறமும்

போரில் வென்றவனை நாட்டை ஆளத் தெரிந்தவனென்று கூறிவிடுதல் இயலாது. கரிகாலன் இரண்டும் அறிந்தவன். காட்டை அழித்து நாடாக்கினான். குளங்களைத் தோண்டி வளத்தைப் பெருக்கினான். உறந்தையை விரிவுபடுத்திக் கோயிலும் குடியும் நிலைபெறச் செய்தான். இவையெல்லாம் பட்டினப்பாலையாற் பெறப்படுவன. சிதறிய சிற்றூர்களை ஒன்றுகூட்டி ஏதென்சு என்னும் பெருநகரை அமைத்தான் எனத் தீசியசைப் புகழ்வது போன்றதே இதுவும்.

அவன் நடுவுநிலைமையைப் பற்றிய கதை ஒன்று தமிழகம் எங்கும் வழங்குவது. வழக்குரைக்க வந்த முதியோர் இருவர் அரசன் இளையன் என ஐயுற்றனர். அதனை அறிந்த அவன் நரைமுடி புனைந்து முதியோன் வடிவில் அவையில் அமர்ந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கினான். வந்தவர் தீர்ப்பை ஏற்று வியந்தபின் தன் இளமையைக் காட்டினான். பழமொழி நானூறும் மணிமேகலையும் இதனைக் குறிப்பிடும். கி. மு. 594-இல் ஏதென்சு நகர்க்குச் சட்டம் வகுத்த சோலன் என்பவர், அதற்கு முன்னர்ச் சலாமிசுத் தீவைப் பற்றிப் பேசுவோர்க்கு மரணத்தண்டம் என்ற விதி இருந்தமையால், பித்தர் போல நடித்து அங்காடியில் நின்று பாட்டாகப் பாடி மக்களை எழுப்பினர் என்பர். ஒருவன் முதுமையையும் ஒருவர் பித்தையும் மேற்கொண்டது தன்னலம் கருதியன்று, பொதுநன்மை கருதியே. அரசன் தன் தீர்ப்பு ஏற்கப்படுவதற்குத் தன் முடியை நம்பாது, வழக்காடுவாரின் உள்ளநிறைவையே நம்பினான் என்பதே இக்கதையின் சாரம்.

புலவரை அவன் போற்றிய முறையும் அறியத்தக்கது. தன்னை நாடிவந்த பொருநரை விடுக்குங்கால், வெண்புரவி நான்கு பூட்டிய தேரில் ஏற்றி, தான் ஏழடி பின்நடந்து வழிவிடுவான் என்பது பொருநராற்றுப்படை. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குப் பதினாறு நூறாயிரம் பொன் அளித்தான் எனக் கலிங்கத்துப்பரணி கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழர் தலைநகரை அழித்தபோது, அப்பாட்டிற்காக அளிக்கப்பெற்ற பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடியாது விட்டான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் அறிவிக்கும். பகை வேந்தனும் பாட்டிற்கு அஞ்சிய நாடு நம் நாடு.

புகாரும் யவனரும்

காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பை உருத்திரங்கண்ணனார் விரித்துரைப்பர். கடல்வழி வந்த குதிரைகளும், வண்டியில் வந்த மிளகுப் பொதிகளும், வடமலைப் பொன்னும் மணியும், குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்க்கடற் பவளமும், கங்கை நாட்டுப் பண்டமும், காவிரி தந்த விளைவும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் அந்நகரத் தெருக்களிற் குவிந்திருந்தன. சுங்கம் கொள்வார் அவற்றின்மீது புலி இலச்சினை இட்டுக் காத்தனர்.

இது வெறும் புனைந்துரையன்று. இரண்டாம் நூற்றாண்டில் நூல் எழுதிய தாலமி என்னும் யவன ஆசிரியர் கபேரிசு என்னும் அங்காடி நகரைக் குறிப்பிடுவர். அது காவிரியின் பெயரே. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழ்வில் மேனாட்டு மதுச்சாடிகளும் உரோமர் மட்கலங்களும் கிடைத்தன. 1960-களில் பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கல்லாற் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. முசிறியிலிருந்து எர்மபொல்லோன் என்னும் கப்பலில் ஏற்றிய சரக்கைப் பற்றி யவன மொழியில் எழுதிய இரண்டாம் நூற்றாண்டு ஏடு ஒன்று வியன்னா நகரில் உள்ளது. யவனர் செய்த பாவைவிளக்கை நெடுநல்வாடை கூறும். பாசறையிற் காவல் நின்ற யவனரை முல்லைப்பாட்டுக் காட்டும். பருவக்காற்றின் போக்கை அறிந்து கடல் கடந்த புகழை யவனர் இப்பாலசு என்னும் மாலுமிக்கு ஏற்றினர். காற்றை ஏவல்கொண்டு கலஞ்செலுத்திய புகழைத் தமிழர் கரிகாலன் முன்னோர்க்கு ஏற்றினர். மலாய் நாட்டிற்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்து வாணிகம் செய்த குடிகள் நிறைந்த எம் ஊரார்க்கு இக்காட்சி அயலானதன்று.

காவிரிக்கரை

கரிகாலன் என்றவுடன் இன்று யாவர் நினைவிலும் எழுவது கல்லணை. ஏறத்தாழ 329 மீட்டர் நீளமும், 20 மீட்டர் அகலமும், 5.4 மீட்டர் உயரமும் உடைய அவ்வணையின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆற்றுமணலில் அடிநிலை காண்பது அரிது. ஆகவே பெரும்பாறைகளை மணலின்மேல் இட்டனர். நீர் அடிமணலை அரிக்க அரிக்கப் பாறைகள் தாமே கீழிறங்கி ஆழத்தில் உறுதியுற்றன. அவற்றின்மேல் மேலும் கல்லை அடுக்கிக் களிமண்ணால் இணைத்தனர். 1836-இல் மேலணையைக் கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன், ஆழங்காணா மணலில் அடிப்படை இடும் வித்தையை இந்நாட்டாரிடமே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

இவ்வணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது வழிவழி வந்த வழக்கு. அவனைப் பாடிய பத்துப்பாட்டுப் புலவர் இருவரும் காவிரிக்கரை கட்டியதைக் கூறினரல்லர். காவிரியின் வெள்ளத்தைத் தடுத்த கரிகாலன் வழியினர் தாம் என இரேநாட்டுத் தெலுங்குச் சோடர் தம் மாலேபாடுச் செப்பேட்டிற் பெருமை பேசினர். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதல் இராசேந்திரன் காலத்தில் எழுந்த திருவாலங்காட்டுச் செப்பேடும் அவன் காவிரிக்குக் கரை எடுத்ததையும் காஞ்சியைப் புதுக்கியதையும் கூறும். இமயத்திற் புலி பொறிக்கச் செல்வோனுக்கு வேடன் ஒருவன் காஞ்சியின் வளத்தை உரைக்க, அவன் அங்கே மதிலெடுத்துக் குடியேற்றினான் எனச் சேக்கிழார் பெருமான் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் அருளியதை அன்பர்கள் அறிவர். வச்சிர மகத அவந்தி வேந்தர் அவனுக்குத் தந்த திறைப்பொருள்களைச் சிலப்பதிகாரம் எண்ணிக் காட்டும்.

ஒருவனது பெயர் பின்வந்தார்க்கு இத்துணைப் பெருஞ்செல்வமாயிற்று. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் சைமன் என்னும் ஏதென்சுத் தலைவன், தீசியசின் என்பு எனக் கருதிய ஒன்றை இசுக்கைரோசுத் தீவிலிருந்து விழாவெடுத்துக் கொணர்ந்து தன் நகரில் அடக்கினான் என்பர். பழந்தலைவன் புகழைத் தன் அரசிற்கு வலியாக்குதல் எந்நாட்டார்க்கும் இயல்பே. எனினும் வேறு வேறு நாட்டினர் வேறு வேறு காலத்தில் கூடியுரைக்கும் ஒரு செய்தி அடியோடு பொய்யாதலும் அரிது. காவிரிக்குக் கரை எடுத்தவன் கரிகாலன் என்பதன் உண்மை உறுதி, அணையின் ஒவ்வொரு கல்லுக்கும் உரியதன்று எனினும், அவன் நீர்ப்பணிக்கு உரியது என்பதில் ஐயமில்லை.

ஈண்டு மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. கயவாகு மன்னனின் தந்தை காலத்தில் சோழன் ஒருவன் பன்னீராயிரவரை ஈழத்தினின்றும் சிறைபிடித்துக் காவிரியில் வேலை வாங்கினான் என இராசாவலியம் என்னும் பிற்காலச் சிங்கள நூல் கூறும். பழைய மகாவமிசத்தில் இச்செய்தி இல்லை. சோழன் பெயரும் இராசாவலியத்தில் இல்லை. ஆகலின் இதனை வரலாறாகக் கொள்வதற்கு இல்லை. ஆயினும் கரையை எடுத்தவன் அரசன் என்னும்போது, மண் சுமந்தவர் யாவர் என்னும் வினா எழாதிருத்தல் முறையன்று. அவர் பெயர்களை எந்தச் செப்பேடும் தாங்கவில்லை; அவர் தலையிற் சுமந்த மண்ணே நம் வயல்களைத் தாங்கி நிற்கின்றது.

முடிவும் தீர்ப்பும்

கரிகாலன் மகள் ஆதிமந்தி எனச் சிலப்பதிகாரம் கூறும். அவள் கணவன் ஆட்டனத்தியைக் கழாரில் நீர்விழாவின்போது காவிரி கொண்டுசென்றது. அவள் கரைவழியே கதறிச் சென்று கடலினின்று அவனை மீளப் பெற்றாள். தந்தை கரையெடுத்து அடக்கிய ஆறே மகளின் கணவனைக் கவர்ந்ததென்பது நினைக்குந்தோறும் உள்ளத்தை உருக்குவது.

அவன் இறுதியைக் கருங்குழலாதனார் பாடினர். முன்பு, பகைவர் நாட்டை இரவும் பகலும் எரியூட்டிக் கொள்ளையிடுதலை அவன் விரும்பியதை எடுத்துரைத்தவரும் அவரே. அரண்களை வென்றதும், சுற்றத்தை ஊட்டியதும், சான்றோர் அவையில் வேள்வி முடித்ததும் கூறி, வேனிலில் ஆயர் கொய்தமையால் தழையிழந்த வேங்கைமரம் போல அரண்மனை மகளிர் அணி களைந்து நின்றதைக் காட்டி அவர் கலங்கினர். கொடுமையைக் கண்டபோது கூறிய நா, நன்மையை இழந்தபோது புலம்பவும் தவறவில்லை.

அவன் புகழ் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் வைக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. அதனைச் சொன்னவர் வெண்ணிக்குயத்தியார். குயத்தி என்னும் பெயர் அவர் மட்கலம் வனையும் குடியினர் என்பதைக் காட்டும். அவர் வென்ற வேந்தனையே விளித்து, கடலிற் காற்றை ஆண்ட அவன் முன்னோரைப் போற்றி, வென்றவன் நீ என ஒப்புக்கொண்டு, ஆயினும் புறப்புண்ணுக்கு நாணி உலகிற் புகழ்நிற்க வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வினவினார்.

எம் இளமையில் ஆசிரியர் எமக்குப் புறநானூறு பாடஞ்சொல்லுங்கால், வெண்ணியில் வென்றவர் யாவர் என வினவினர். சோழநாட்டிற் பிறந்த செருக்கினால், எம் சோழனே என விரைந்து விடையிறுத்தோம். அவர் ஒன்றும் மொழியாது குயத்தியார் பாட்டிற்கு உரைகூறி, மீண்டும் அவ்வினாவையே எழுப்பினர். நாம் வாய்திறந்திலேம். அறுபது கடந்த இந்நாளிலும் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை.

வெற்றி புறத்தே நிகழ்வது. அதனை அடைந்தவன் உள்ளத்தே யான் எனது என்னும் செருக்கு எழுதல் எளிது. அச்செருக்கை அறுப்பதற்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல்லை அரசன் முகத்தெதிரே சொல்லும் உரம் ஒரு குயத்திக்கு இருந்தது. அதனைக் கேட்டு அவன் வெகுண்டான் என்று எந்நூலும் கூறவில்லை. அவன் மீது பாடிய பாட்டாகவே அஃது இன்றளவும் நின்று நிலவுகின்றது. வென்ற வேந்தன் தன்னினும் தோற்றவன் நல்லன் என்பதைத் தன் புகழ்ப்பாட்டாக ஏற்ற நாட்டில், அப்பொறையை வெண்ணி வெற்றியினும் பெரிதாக நாம் கருதுகின்றோம்.

கல்லணையிற் பிரியும் நீர் வெண்ணாறாய் வந்து நம் வயல்களிற் பாய்கின்றது. அந்நீரைக் காணும்போது கரிகாலனை நினைப்போம். திருவெண்ணியூர் சென்று இறைவனைத் தொழும் அன்பர்கள், அவ்வூரில் மண் பிசைந்து கலம் வனைந்த அம்மூதாட்டியையும் ஒருமுறை நினைத்து மீள்வாராக.